கம்பத்தடியில் காளிச்சாமி கண்டது

தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருந்த காளிச்சாமி, கடந்த தை மாதம் பதினொன்றாம் நாள் தமது எழுபத்தோராவது வயதில் காலமானார். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ‘பொய் சொல்லாத மனிதர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அதில் ஒன்றைக் கிழியாமல் உரித்தெடுத்து வைத்திருக்கிறேன். அச்சிட்டது சரிதான். என்னைச் சிறைக்கு அனுப்பிய வாக்குமூலத்திலும் அவர் ஒரு சொல்கூடப் பொய்யாகச் சொல்லவில்லை.

அவருடைய வாழ்க்கையை எழுத அவர் வீட்டாரைவிட என்னிடமே காகிதங்கள் அதிகம். மொத்தம் இருநூற்றுப் பதின்மூன்று. அவற்றை வைத்துக்கொண்டே எழுதுகிறேன். காகிதத்தில் இல்லாதது ஒன்றே ஒன்று. அதையும் அதன் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் தமிழ்வேந்தன். என் அப்பா மாசாணம் ஆயுள் முழுதும் அந்த வட்டாரத்துத் தோப்புகளில் கூலிக்குத் தேங்காய் உரித்தவர். நான் எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, கம்பி சுற்றும் வேலையை நானாகக் கற்று, தேர்வு எழுதி வயர்மேன் உரிமம் வாங்கியவன். காளிச்சாமியின் மோட்டாருக்கும் நான்தான் கம்பி சுற்றினேன். அவர் என்னை ‘டேய் தமிழு’ என்று அழைப்பார். நான் பிறந்த நாளிலிருந்து என்னைப் பார்த்தவர்.

அவர் தோப்புக்கும் காட்டுக்கும் நடுவில் வெளியூர்க்காரர் ஒருவரின் தோப்பு இருந்தது. 2011 கார்த்திகையில் ஒரு நாள், மின்கம்பத்திலிருந்து அந்தத் தோப்பின் கம்பிவேலிக்கு யாரோ நேராக இணைப்பு இழுத்துவிட்டார்கள். விடிந்தபோது வேலியோரத்தில் ஒரு பெண் யானை செத்துக் கிடந்தது. முந்தின மாலை, பொழுது இறங்கும் நேரத்தில், மலையிலிருந்து இறங்கிய மஞ்சு மூட்டத்துக்குள்ளே அந்தக் கம்பத்தடியில் நான் குனிந்து நின்றதைப் பார்த்ததாகக் காளிச்சாமி வாக்குமூலம் கொடுத்தார். நீலச் சட்டை, தோளில் பை, இடது காலைச் சற்றுச் சாய்த்து நிற்கும் என் நிற்பு. ஒன்றையும் விடவில்லை. இணைப்புக் கொடுக்கத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் நான் ஒருவனே என்பதால், அவர் சொன்னதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

அந்நேரத்தில் நான் நகரத்தில், உக்கடத்துக் கடைவீதியில் செம்புக்கம்பி வாங்கிக்கொண்டு பேருந்துக்குக் காத்து நின்றேன். கடை ரசீதில் தேதி இருந்தது, மணி இல்லை. மணி அச்சிட்டிருந்த பேருந்துச் சீட்டை இறங்கும்போது கசக்கி எறிந்திருந்தேன். அன்றிலிருந்து நான் எந்தக் காகிதத்தையும் எறிவதில்லை.

சிறையில் நாற்பத்தொரு நாள் இருந்தேன். பதினெட்டாம் நாள் என்னைப் பார்க்கக் காளிச்சாமி வந்தார். கம்பிவலைக்கு அப்பால் நின்று வெகுநேரம் என் முகத்தையே பார்த்தார்.

“தமிழுங்களா?” என்றார்.

அவர் எனக்கு ‘ங்க’ போட்டது அன்றுதான் முதல் முறை.

“ஆமாங்க. என்னையத் தெரியலீங்களா?”

“தெரியுதுங்க. தெரியறதுதான் வம்பா இருக்குது. நேத்துப் பொழுதோட எங்கீங்க இருந்தீங்க?”

“இங்கதானுங்க. ஆறு மணிக்கு முன்னாலயே உள்ள அடைச்சுப்போடுவாங்க.”

“சித்தெ நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏனுங்க, ஜெயில்ல கெடக்கறவன்கிட்ட வந்து நேத்து எங்க போயிருந்தேன்னு கேக்கறீங்களே!”

அவர் சிரிக்கவில்லை. “நேத்து அதே கம்பத்தடியில உங்களப் பாத்தனுங்க. அதே சட்டை. கூப்பிட்டேன். திரும்பலீங்க. கிட்டப் போனேன், ஆளில்லை.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மொதல் நாளு எப்படித் தெரிஞ்சுதோ, ஒரு நூல் பிசகாம அப்படியே தெரிஞ்சுதுங்க. மொதல் நாளு பாத்தது நெசம்னா நேத்துப் பாத்ததும் நெசமாகோணும். நேத்துப் பாத்தது பொய்யின்னா…” என்றவர் முடிக்காமல் திரும்பிப் போனார். என்னைப் பார்க்க அவர் கொடுத்த மனுச் சீட்டு என்னிடம் இருக்கிறது. எண் ஏழு.

எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காத காளிச்சாமியின் படிப்பு அந்த வாரம் தொடங்கியது. முதலில் கண் மருத்துவமனைக்குப் போனார். பார்வையில் பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சான்றை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பேரூர்ப் பக்கம் ஒரு மடத்தின் நூலகத்துக்குப் போய், “கண்ணு ஏமாத்தறதப் பத்திப் பொஸ்தகம் இருக்குதுங்களா?” என்று கேட்டார். நூலகத்தில் இருந்தவர் கிருபாசங்கர் என்பவர். “ஏனுங்க, கண்ணாசுபத்திரி பஸ்ஸு எதுத்தாப்ல நிக்குமுங்க” என்று சொல்லியிருக்கிறார். காளிச்சாமி சான்றை எடுத்து நீட்டியதும், அவரை உட்காரவைத்துத் தர்க்க நூல்கள் இருந்த அலமாரியைத் திறந்துவிட்டார். அதன்பின் வியாழக்கிழமை தோறும் காளிச்சாமி அங்கே போனார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்து நோட்டுகளை நிரப்பினார். அவர் இறந்தபின் அவருடைய மனைவி பூவாத்தாள் அவற்றை என்னிடம் கொடுத்தார்.

ஒன்றை அறிய மூன்று வழிகள் உண்டு என்று நம் பழைய தருக்கம் சொல்லும். கண்ணால் காண்பது காட்சி. கண்டதைக் கொண்டு காணாததை உணர்வது கருதல். மலையில் புகை கண்டு அங்கே நெருப்பு உண்டென்று உணர்வது போல. நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது உரை. இந்த மூன்றையும் கட்டிக் காத்தவர்களின் வாதங்களைத்தான் காளிச்சாமி முதலில் நாடினார். தம் கண்ணுக்கு ஒரு கைத்தடி கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால் அவர்கள் மறுப்பதற்காக எடுத்துச் சொல்லியிருந்த எதிர்க்கட்சி வாதங்களே அவரைப் பிடித்துக்கொண்டன. உலகெங்கும் உள்ள எல்லாப் புகையையும் பார்த்து முடித்தாயா என்று கேட்டுக் கருதலைத் தள்ளிய உலகாயதர்கள் இருந்தார்கள். அவர்களையும் தாண்டிப் போய்க் காட்சியையே தள்ளியவர்கள் இருந்தார்கள். உன் கண் பழுதற்றது என்பதை எதைக் கொண்டு அறிந்தாய்? இன்னொரு காட்சியைக் கொண்டா? அதன் பழுதின்மையை எதைக் கொண்டு? எதிராளி வைத்ததை எல்லாம் உடைத்துவிட்டுத் தனக்கென ஒரு கொள்கையும் வைக்காமல் எழுந்துபோகும் வாதத்துக்கு விதண்டை என்று பெயர். நாம் வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம். காளிச்சாமிக்கு அது நேர்மையாகப் பட்டது.

இரண்டாம் நோட்டில் ஓர் இடம்: ‘தமிழு ஜெயிலில் இருந்த அன்று நான் பார்த்தது பொய். முதல் நாள் பார்த்ததற்கும் அதற்கும் என் கண்ணுக்குள் வித்தியாசம் ஒன்றுமில்லை. வித்தியாசம் ஜெயில் கதவில் இருக்கிறது. கதவு இல்லாவிட்டால் இரண்டும் நிசம் என்றே செத்திருப்பேன். இப்படி எத்தனை நிசம் வைத்திருக்கிறேனோ.’

ஊர் அவரை வேடிக்கை பார்த்தது. ‘தெரியும்’ என்ற சொல்லை அவர் விட்டுவிட்டார். மழை வருமா என்று கேட்டால், “வர மாதிரி தோணுதுங்க, தோணுதுன்னுதான் சொன்னனுங்க” என்பார். நான் போயிருந்த ஒரு நாள் பூவாத்தாள் சோற்றைப் போட்டுவிட்டு என்னிடம் முறையிட்டார்.

“பாரு கண்ணு, ரசத்துல உப்பு இருக்குதான்னு கேட்டா அதுக்கும் மொவத்தப் பாக்கறாரு. நாப்பது வருசமா ஆக்கிப் போடறேன், நாந்தான் ஆக்குனேன்னாச்சும் தெரியுமான்னு கேளு.”

“நீதானா இருக்கோணும் அம்மணி” என்றார் காளிச்சாமி. “வேற ஆரும் இத்தன காரம் போடறதில்ல.”

“அத மட்டும் நல்லாக் கருதுவாரு!”

ஏன் எனக்கு விடாமல் ‘ங்க’ போடுகிறீர்கள் என்று நானே ஒருமுறை கேட்டேன். “ஆருன்னு தெரியாதவங்களுக்கு ‘ங்க’ போடறதுதானுங்களே மொறை” என்றார். சிரிப்பதற்காகச் சொன்னார் என்றுதான் அன்று நினைத்தேன்.

ஒரு மாசி மாதம் அவர் செய்த காரியத்தை ஊரில் இன்றும் பேசுகிறார்கள். வெட்டிப்போட்ட தென்னையின் அடித்துண்டு ஒன்றை எடுத்து, ஈரம் காயாத வாய்க்கால் மேட்டில் இடம் விட்டு இடம் விட்டு அழுத்தி, யானைத் தடம் போலவே பதித்து வைத்தார். காலையில் கூட்டம் கூடிவிட்டது. தடத்தைப் பார்த்து யானை என்றார்கள். அது கருதல், அதில் அவருக்கு வியப்பில்லை. ஆனால் பக்கத்துத் தோப்புக்காரர், “ராத்திரி பிளிறுச்சுங்களே, நாங் காதாரக் கேட்டனே” என்றார். இன்னொருவர், “ஒத்தக் கொம்பன். நாம் பாத்தேன். டார்ச்சு அடிச்சேன், காதை ஆட்டிப்போட்டு அந்தப் பக்கம் போயிருச்சு” என்றார். காளிச்சாமி தென்னந்துண்டை உருட்டிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவில் நிறுத்தினார். “இதானுங்க அந்த ஒத்தக் கொம்பன்.” ஒரு வாரம் அந்த இருவரும் அவரோடு பேசவில்லை. அவரோ அவர்களைப் பழிக்கவில்லை. ‘அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே கேட்டார்கள். உண்மையிலேயே பார்த்தார்கள். என்னைப் போல’ என்று அன்றைய நோட்டில் இருக்கிறது.

2019இல் என் வழக்கு விசாரணைக்கு வந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய காளிச்சாமி, அன்று தாம் கண்டது என்னைத்தான் என்று உறுதி கூற இயலாது என்றார். அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ்சாட்சியாக அறிவித்துக் குறுக்குக் கேள்வி கேட்டார். சாட்சியத்தின் நகல் என்னிடம் இருப்பதால் அப்படியே தருகிறேன்.

கேள்வி: அப்படியானால் அங்கே நின்றது எதிரி தமிழ்வேந்தன் இல்லை என்கிறீர்களா?

பதில்: அதுவும் எனக்குத் தெரியாதுங்க.

சந்தேகத்தின் பலனை எனக்கு அளித்து நீதிமன்றம் விடுவித்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் அந்தச் சொற்களின் எடை தெரிந்தது. என் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது: விண்ணப்பதாரர் குற்றமற்றவர் என்பதால் விடுவிக்கப்படவில்லை, சந்தேகத்தாலேயே விடுவிக்கப்பட்டுள்ளார். நான் செய்த வேலைக்கு வேறொருவன் தன் உரிம எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டான். என் பெயர் எந்த இணைப்பிலும் இல்லை. மேல்முறையீட்டில் எனக்குக் கிடைத்த வாசல் ஒன்றே. கண்ணால் கண்டதாகச் சொன்ன சாட்சி, கண்டது தமிழ்வேந்தன் அல்ல என்று பிரமாணப் பத்திரம் கொடுத்தால் பரிசீலிக்கலாம் என்றார்கள்.

நான்கு ஆண்டுகள் அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காளிச்சாமியின் வீட்டுக்கு நடந்தேன். போன தேதிகளைக் குறித்து வைத்திருக்கிறேன்: அறுபத்திரண்டு முறை.

“உங்களுக்குப் பண்ணுன பாவம் என்ன தெரியுங்களா?” என்பார். “தெரியாததத் தெரியும்னு சொன்னது. அதே பாவத்த மறுபடியும் பண்ணச் சொல்றீங்களே. உங்களுக்கு நல்லதுங்கறதுக்காவ அது நெசமாயிருமுங்களா?”

“நான் அங்க இல்லீங்க. அது எனக்குத் தெரியுமுங்க.”

“உங்களுக்குத் தெரியும். சரிங்க. எனக்கு எப்படிங்க தெரியும்?”

சென்ற ஆண்டு கார்த்திகைத் தொடக்கத்தில் பூவாத்தாள் ஒரு வழி சொன்னார். எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதற்கும் கிணறு தோண்டுவதற்கும் அம்மனிடம் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சன்னதியில் போட்டு, ஒன்றை எடுக்கச் செய்வார்கள். “வெள்ள வந்தா அது தமிழு இல்லை. இவரு கையெழுத்துப் போட்டரட்டும். அம்மனுக்குத் தெரியாததா?”

“அம்மனுக்குத் தெரியும் அம்மணி. பூவுக்குத் தெரியுமா?” என்ற காளிச்சாமி, என் பக்கம் திரும்பினார். “உங்களுக்குச் சம்மதமுங்களா?”

நான் தோள் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சிவப்பு வந்தால் என்ன செய்வது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அங்கே இல்லாதவன் ஏன் அஞ்ச வேண்டும்? ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த வாக்குமூலத்தை நூறு தடவை படித்தவன் நான். நீலச் சட்டையும், பையும், சாய்ந்த காலும் எனக்கு மனப்பாடம். உக்கடத்துப் பேருந்து நிறுத்தத்தை நினைத்தால் மங்கலாகத் தெரிகிறது. கம்பத்தடியை நினைத்தால் துலக்கமாகத் தெரிகிறது.

“செவப்பு வந்துபோடும்னு பயமுங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். அதில் ஏளனம் இல்லை, இரக்கம் இருந்தது. “வாங்க. பொழுது உழுகப் போகுது. நா நின்ன எடத்துல நீங்க ஒருக்கா நின்னு பாருங்க.”

தோப்பின் மேற்கு மூலைக்கு நடந்தோம். வாய்க்கால் மேட்டில் என்னை நிறுத்தி, என் தோளைப் பிடித்துச் சற்றே திருப்பிவிட்டார். மஞ்சு மலையிலிருந்து இறங்கி வேலியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கம்பம் அறுபது தப்படித் தூரத்தில் கறுப்பாக நின்றது. தேதி கார்த்திகை இரண்டு. மணி ஐந்து ஐம்பது.

இனிச் சொல்வதற்குத்தான் காகிதம் இல்லை.

கம்பத்தடியில் ஒருவன் குனிந்து நின்றான். நீலச் சட்டை. தோளில் பை. இடது கால் சற்றுச் சாய்ந்திருந்தது. என் முதுகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் அது என் முதுகு என்று எனக்குத் தெரிந்தது.

“தெரியுதுங்களா?” என்றார் காளிச்சாமி. அவர் மூச்சு என் காதருகே கேட்டது.

“என்னங்க?”

“அங்கெ. நிக்கறது.”

பார்த்தேன் என்றால், நானே என்னைச் சுட்டிக்காட்டியதாகும். அவர் அதை நோட்டில் எழுதிவைப்பார். என்றாவது ஒரு நாள் எவராவது அதைப் படிப்பார்.

“ஒண்ணுமில்லீங்க. கம்பந்தான் நிக்குது.”

“நெசமாலுமுங்களா?”

“நெசமாலுமுங்க.”

அவர் வாய்க்கால் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. “அப்ப எங் கண்ணுதான். எங் கண்ணு மட்டுந்தான்” என்றார்.

மூன்றாம் நோட்டில், பிறர் சொல்லக் கேட்டு அறியும் உரையளவையை அவர் எவ்வளவு கடுமையாக அறுத்திருந்தார் என்பதைப் பின்னால் படித்தேன். சொல்பவன் நம்பத்தக்கவன் என்று எப்படித் தெரியும்? அதில் அவனுக்கு ஆதாயம் இல்லை என்று எப்படித் தெரியும்? அப்படி எழுதியவர் அன்று என் சொல்லை எடுத்துக்கொண்டார். நானே தாங்காமல், “எஞ் சொல்ல மட்டும் எப்படீங்க நம்பறீங்க?” என்று கேட்டேன்.

“பன்னெண்டு வருசமா ஒரு பஸ் டிக்கெட்டு இல்லீன்னு பொலம்பறவரு நீங்க. நெனச்சிருந்தா ஒண்ண ஜோடிச்சிருக்கலாமுங்க. ஜோடிக்கலெ. உங்க வாக்கு எனக்குப் போதும்.”

மறுநாள் நகரத்துக்கு வந்து, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டார். அதில் உள்ள வாக்கியம்: ‘கம்பத்தடியில் அன்று நான் கண்டது தமிழ்வேந்தன் அல்ல என்றும், அது என் கண்ணின் பிழையே என்றும் நான் அறிவேன்.’ அறிவேன் என்பதைத் தட்டச்சு செய்தவர் விட்டுவிட, காளிச்சாமியே பேனா வாங்கி எழுதிச் சேர்த்தார். எண் இருநூற்றுப் பதினொன்று.

வாக்கியம் உண்மை. நான் அங்கே இல்லை. உண்மையான அந்த வாக்கியத்தை ஒரு பொய்ச் சாட்சியத்தால் வாங்கினேன்.

பத்து நாள் கழித்து, சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பத்திரத்தை இன்னும் கொடுக்காமல் பையில் வைத்திருந்தேன். காளிச்சாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேற்கே பார்க்கும் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“ரசத்துல உப்புக் கம்மி” என்றார் மனைவியிடம்.

பூவாத்தாள் கரண்டியோடு நின்றுவிட்டார். “நல்லாத் தெரியுங்களா?”

“தெரியும். கம்மிதான்.” பிறகு என்னைப் பார்த்து, “வா தமிழு, உக்காரு. சாப்புட்டியா?” என்றார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ‘ங்க’ இல்லை. நான் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் செருப்புப் போடும்போது பூவாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். “எங்கூட்டுக்காரரத் திருப்பிக் குடுத்துப்போட்டே கண்ணு. இப்பெல்லாம் பொழுதோட அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல.” சொல்ல வந்ததைச் சொல்லாமலே அங்கிருந்து நேராக உரிம அலுவலகத்துக்குப் போய்ப் பத்திரத்தைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

தை பதினொன்றில் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். சுவரொட்டிதான் இருநூற்றுப் பதின்மூன்றாவது. பங்குனியில் என் உரிமம் வந்தது. அது மட்டும் கோப்பில் சேரவில்லை. என் சட்டைப் பையில் இருக்கிறது.

உரிமம் வந்தபின் என் பெயரில் நான் செய்த முதல் வேலை பூவாத்தாளின் மோட்டார் இணைப்பு. வேலை முடிய மாலையாகிவிட்டது. கருவிகளைப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். மஞ்சு இறங்கியிருந்தது. அவன் கம்பத்தடியில் நின்றான். இந்த முறை குனிந்திருக்கவில்லை. மேற்கு மூலை வாய்க்கால் மேட்டை, காளிச்சாமி நின்று பார்க்கும் இடத்தை, நோக்கி நின்றான். அந்த மேட்டில் யாரும் இல்லை.

“என்ன கண்ணு அப்படிப் பாக்கறே?” என்றார் பூவாத்தாள், மோட்டார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டே.

“ஒண்ணுமில்லீங்க” என்றேன்.

இரண்டு முறை அப்படிச் சொல்லிவிட்டேன். ஆகவே இங்கே எழுதிக் கையெழுத்திடுகிறேன். கார்த்திகை இரண்டாம் நாள் மாலை காளிச்சாமி சுட்டிய இடத்தில் அவர் கண்டதையே நானும் கண்டேன். அது யார் என்று எனக்குத் தெரியாது. எண் இருநூற்றுப் பதினான்கு.